பெயர் கேட்காத டிக்கெட்

2015 ஏப்ரல் 22 அன்று ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முன்பதிவு இல்லாத ரயில் டிக்கெட்டைக் கைப்பேசியிலேயே எடுக்கலாம், கைப்பேசியிலேயே காட்டலாம், தாளில் அச்செடுக்கவே வேண்டாம் என்பது திட்டம். நாட்டிலேயே முதலில் இதற்கென்று எடுத்துக்கொண்ட தடம் எழும்பூர்–தாம்பரம். சில மாதங்களுக்கு முன்பே மும்பையில் ஒரு செயலி வந்திருந்தது. ஆனால் அதில் பணம் கட்டிய பிறகும் நிலையத்து இயந்திரத்தில் போய் டிக்கெட்டை அச்சிட்டுக்கொள்ள வேண்டும். காகிதத்தை முற்றிலும் விட்டுவிடும் சோதனை எங்கள் தடத்துக்குத்தான் முதலில் வந்தது.

அன்று கவுன்டரில் எனக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்தவர், “அக்கா, இன்னும் அஞ்சு வருஷத்துல நமக்கு இங்க வேலை இருக்காது” என்றார். பத்து வருஷம் கடந்துவிட்டது. காலை எட்டு மணிக்குத் தாம்பரம் நிலையத்துக்குப் போனால் டிக்கெட் வரிசை இன்னும் இருக்கிறது. குறைந்திருக்கிறது, மறையவில்லை. அதில் நிற்பவர்கள் யார், ஏன் நிற்கிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் டிக்கெட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்தவள். அப்பாவும் அதே வேலை. அவர் பணியிலிருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் எனக்குக் கிடைத்த வேலை அது. சேர்ந்தது 1986இல். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கிண்டி என்று இந்தத் தடத்திலேயே என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. அட்டை டிக்கெட்டைக் கையால் உருவிக் கொடுத்தேன், கணினியில் அடித்துக் கொடுத்தேன், ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச காலம் தானியங்கி டிக்கெட் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்காகத் திரையைத் தொட்டும் கொடுத்தேன். ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பயணி நிற்கும் பக்கத்திலிருந்து பேசுகிறார்கள். நான் கம்பிக்கு உள்ளே இருந்தவள்.

ரயில் புதிதாக வந்த காலத்தில் இங்கிலாந்தில் டிக்கெட் வாங்குவது லேசான காரியம் இல்லை. குதிரை வண்டிக் கம்பெனிகளின் வழக்கத்தையே ரயில் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. கிளார்க் பயணியின் பெயரைக் கேட்டு, போகுமிடத்தைக் கேட்டு, ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுப்பார், இன்னொரு படி புத்தகத்தில் இருக்கும். ஒரு வண்டியில் பத்துப் பேர் போகும்போது அது நடக்கும். ரயிலுக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். கூட்டம் ஒரு சிக்கல் என்றால் கணக்கு அதைவிடப் பெரிய சிக்கல். கிளார்க் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்று கம்பெனிக்குத் தெரிய வழியில்லை. வாங்கியதையெல்லாம் கட்டிவிட்டேன் என்று நிரூபிக்க நேர்மையான கிளார்க்குக்கும் வழியில்லை.

இதற்கு விடை கண்டவர் தாமஸ் எட்மண்ட்சன். லங்காஸ்டர் ஊர்க்காரர், மரச்சாமான் செய்யும் தொழில் தெரிந்தவர். சொந்தத் தொழில் நொடித்துப்போய், நியூகாசில்–கார்லைல் ரயில்பாதையில் மில்டன் என்ற சின்ன நிலையத்துக்குப் பொறுப்பாளராக வந்தார். 1830களின் பிற்பகுதியில் அங்கே அவர் கண்டுபிடித்தது, வரிசை எண் அச்சிட்ட ஒரு சிறிய கெட்டி அட்டை. இரண்டேகால் அங்குல நீளம், ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலம். அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி வைக்க ஒரு பெட்டி, தேதி குத்த ஒரு சிறு இயந்திரம். மற்றக் கம்பெனிகள் அவருடைய முறையைப் பயன்படுத்த ஆண்டுக்கு ஒரு மைல் பாதைக்குப் பத்து ஷில்லிங் கட்டணம் கட்டின. அவர் 1851இல் இறந்தார். அந்த அட்டை உலகம் முழுக்கப் போனது. பிரிட்டிஷ் ரயில்வே அதைக் கைவிட்டது 1990 பிப்ரவரியில்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. எட்மண்ட்சன் அட்டையில் பயணியின் பெயருக்கு இடமே இல்லை. எங்கிருந்து, எங்கே, எந்த வகுப்பு, என்ன கட்டணம், என்ன எண். அவ்வளவுதான். அட்டையின் எண்ணே கணக்கைப் பார்த்துக்கொண்டது, அதனால் ஆளின் பெயர் தேவைப்படவில்லை. காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் டிக்கெட் அவர் கையில். சாதி, ஊர், தொழில், அப்பா பெயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடம் கொடுத்த ஒரு நாட்டில் இந்த அட்டை வந்து இறங்கியபோது அது செய்த காரியத்தை நாம் சரியாக மதிப்பிட்டதில்லை என்று நினைக்கிறேன்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது 1874இல். சென்னையிலிருந்து தெற்கே போன அதன் மீட்டர் கேஜ் பாதையில் தாம்பரம் நீண்ட காலம் ஒரு சாதாரண நிலையம். ஊரை மாற்றியது 1931. அந்த ஆண்டு மே 11 முதல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது அதுவே முதல். இன்றும் எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அதை “எலக்ட்ரிக் ட்ரெயின்” என்றுதான் சொல்வார்கள்.

ரயிலை ஒட்டி ஊர்கள் வளர்ந்தன. டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் சானடோரியம் ஒரு நிலையத்தின் பெயரானது. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் காட்டுக்குள் வந்தது. குரோம் தோல் கம்பெனியின் பெயரில் குரோம்பேட்டை உண்டானது, அங்கே 1949இல் எம்.ஐ.டி. வந்தது. பாரிமுனையில் வேலை, பல்லாவரத்தில் வீடு என்று ஒரு வாழ்க்கை சாத்தியமானது. அப்படி வாழ்ந்த ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் அட்டை இருந்தது.

நான் சேர்ந்த காலத்து டிக்கெட் அறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இனி எங்கேயும் இல்லை.

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மர அலமாரி. அதில் நெட்டுக்குத்தாகச் சின்னச் சின்னக் குழாய்கள். நாங்கள் ட்யூப் என்போம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு ட்யூப், முதல் வகுப்புக்குத் தனி, ரிட்டர்னுக்குத் தனி. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பார்க், கோட்டை, பீச். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் மாம்பலம் ட்யூபில் விரல் படும். குறைந்த எண் அட்டை அடியில் இருக்கும், அதைத்தான் உருவ வேண்டும். உருவிய அட்டையின் ஒரு முனையைத் தேதி இயந்திரத்தில் செருகித் தள்ளினால் ‘டக்’ என்று தேதி விழும். ஒரு கையால் காசை வாங்கி, மறு கையால் அட்டையை உருவி, தேதி குத்தி, சில்லறையோடு சேர்த்துத் தள்ளுவது ஒரே அசைவாக வர வேண்டும். அப்பாவுக்கு அப்படி வந்தது. எனக்கு வருவதற்கு ஒரு வருஷம் பிடித்தது.

நள்ளிரவு தாண்டியதும் தேதி இயந்திரத்தின் எழுத்துகளை மாற்ற வேண்டும். அது இரவு ஷிஃப்டில் இருப்பவர் பொறுப்பு.

ஷிஃப்ட் முடிந்ததும் டி.டி.சி. புக். அன்றன்றைய விற்பனையை எழுதும் பெரிய பதிவேடு. ஒவ்வொரு ட்யூபிலும் அடியில் இருக்கும் அட்டையின் எண்ணைப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் தொடங்கியபோது இருந்த எண் ஒன்று, இப்போது இருக்கும் எண் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விற்ற டிக்கெட். அதைக் கட்டணத்தால் பெருக்கி எல்லா ட்யூபுக்கும் கூட்டினால் கையில் இருக்க வேண்டிய பணம். குறைந்தால் நம் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட வேண்டும். சரியாக வந்த பணத்தைத் தோல் பையில் போட்டு மூடி, சீல் வைத்து, இரும்புப் பெட்டிக்குள் இறக்குவோம். ஒரு ரூபாய் உதைத்தால்கூட வீட்டுக்குப் போக முடியாது. தாம்பரத்தில் மாலை ஷிஃப்ட் முடிந்து கணக்கு பார்த்து எழுந்திருக்கும்போது பல நாள் கடைசி பஸ் போயிருக்கும். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். கூட்டிப் பார்த்து ஒத்துப்போகும்போது, என் நேர்மைக்கு இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்று தெரியும். எட்மண்ட்சன் தேடியதும் அதுதானே.

பயணியின் பக்கத்தில் அந்த அட்டைக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. அதில் ஊர்ப் பெயர் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். வாசிக்கத் தெரியாதவர்கள்கூட அட்டையின் நிறத்தையும் கெட்டித்தனத்தையும் வைத்து டிக்கெட்டை அடையாளம் காண்பார்கள். புடவை முந்தானையில் முடிந்துகொள்வார்கள், வேர்வையில் நனைந்தாலும் கிழியாது. இறங்கும் இடத்தில் டிக்கெட் கலெக்டர் அதை வாங்கிக்கொள்வார். ரிட்டர்ன் என்றால் பாதியைக் கிழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். பிளாட்பாரத்தில் மினுக்கு விளக்கோடு நின்ற எடை பார்க்கும் இயந்திரம்கூட ஏறக்குறைய அதே அளவு அட்டையைத்தான் துப்பும். ஒரு பக்கம் எடையும் பலனும், மறுபக்கம் சினிமா நடிகர் படம். டிக்கெட் அட்டையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதாலோ என்னவோ, குழந்தைகள் அந்த எடை அட்டையைச் சேர்த்து வைத்தார்கள்.

பெயர் கேட்ட டிக்கெட் அப்போதும் ஒன்று உண்டு. சீசன். அதற்கு அடையாள அட்டை, புகைப்படம், கையெழுத்து. பயணியின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நாங்களே கையால் எழுதுவோம். மாதத்தின் முதல் வாரம் முழுக்க அந்த வேலைதான். கல்லூரிப் பையன்களும் தலைமைச் செயலகத்து ஊழியர்களும் பாரிமுனைக் கணக்குப்பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். ஒரே முகங்களைப் பத்துப் பதினைந்து வருஷம் பார்த்திருக்கிறேன், அவர்கள் கல்யாணம், பதவி உயர்வு, தலை நரைத்தது எல்லாம் அந்தப் புகைப்படங்களில் தெரியும். சீசனில் பெயர் இருப்பது நியாயம். சலுகை விலை ஒருவருக்குத்தான், வீட்டில் எல்லாரும் மாறி மாறிப் பயன்படுத்தக் கூடாது. எனவே பெயர் வேண்டியிருந்தது. வேண்டாத இடத்தில் கேட்கப்படவில்லை.

கணினி வந்ததும் ட்யூப் போனது. முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கான கணினி முறையை 2002இல் புதுதில்லியில் சோதனையாகத் தொடங்கினார்கள், பிறகு அது நாடெங்கும் பரவியது. யு.டி.எஸ். என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அதே காலத்தில் எங்கள் தடமும் உருமாறிக்கொண்டிருந்தது. 2004 ஜூலை 1 அன்று மீட்டர் கேஜ் மின்சார ரயில் கடைசியாக ஓடி முடிந்தது. ரயிலின் அகலம் மாறியது, டிக்கெட்டின் நீளம் மாறியது.

நீளம் மாறியது என்று சும்மா சொல்லவில்லை. கணினி வந்தால் காகிதம் குறையும் என்று மேலிருந்து சொன்னார்கள். நடந்தது வேறு. சிறிய அட்டை இருந்த இடத்தில் அதைவிட நீண்ட தாள் வந்தது. அது முன்கூட்டியே அச்சிட்டு எண் போட்ட தாள் என்பதால் அதற்கும் இருப்புக் கணக்கு. ஷிஃப்ட் முடிந்ததும் கணினி அறிக்கை அச்சிடும், அதையும் கோப்பில் வைக்க வேண்டும். இறங்கும் இடத்தில் டிக்கெட்டை யாரும் திரும்ப வாங்குவதில்லை, அதனால் தாளெல்லாம் நிலைய வாசலில் பறந்தது. தொடக்க காலத்தில் அந்தத் தாளில் தமிழ் இல்லை. மூன்று மொழி அட்டையைப் பிடித்துப் பழகிய கைகளுக்கு ஆங்கிலமும் இந்தியும் மட்டும் உள்ள தாளைக் கொடுத்தோம். “பல்லாவரம்தானேம்மா போட்டிருக்கு?” என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். பல வருஷம் கழித்துத்தான் தமிழ் திரும்ப வந்தது.

ஆனாலும் கணினி செய்த நல்லதை மறைக்கக் கூடாது. கணக்கு பார்த்து நடுராத்திரியில் வீட்டுக்குப் போவது முடிந்தது. எந்த ஜன்னலிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் கொடுக்க முடிந்தது. அட்டை தீர்ந்துபோனதால் கையால் எழுதிக் கொடுக்கும் அவதி இல்லை. டிக்கெட்டின் எண் பார்த்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. இங்கேதான், காகிதம் போகுமா என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இருக்கிறது. எட்மண்ட்சன் அட்டை மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்தது. கிளார்க்கின் கணக்கு, காசு கொடுத்ததற்கு ரசீது, ரயிலில் ஏற அனுமதி. கணக்கு முதலில் காகிதத்தை விட்டுப் போனது. மற்ற இரண்டும் தாளிலேயே தங்கின.

அடுத்து வந்தது தானியங்கி இயந்திரம். ஸ்மார்ட் கார்டை வைத்து, திரையில் ஊரைத் தொட்டால் டிக்கெட் அச்சாகி வரும். இதற்கும் காகிதம் வேண்டும், ஆள்தான் வேண்டாம் என்று நினைத்தார்கள். ஆனால் திரையைத் தொடத் தயங்கியவர்கள் அதிகம் இருந்ததால், ஓய்வுபெற்ற ஊழியர்களை அதன் பக்கத்தில் உதவிக்கு நிறுத்தும் ஏற்பாடு வந்தது. கார்டில் பணம் போடும்போது கிடைக்கும் சிறு போனஸ்தான் வருமானம். நானும் அப்படி நின்றேன். கம்பிக்கு வெளியே வந்து பயணிகளின் பக்கத்தில் நின்றது என் வாழ்க்கையில் அப்போதுதான். கம்பிக்குள் இருந்தவரை நான் கைகளைத்தான் பார்த்திருந்தேன்.

கைப்பேசி டிக்கெட்டுக்கு வருகிறேன். 2015இல் வந்த ஏற்பாடு யோசித்துச் செய்யப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலையத்துக்கு உள்ளேயோ ரயிலிலோ இருந்துகொண்டு டிக்கெட் எடுக்க முடியாது. பரிசோதகரைக் கண்டதும் அவசரமாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, ஜி.பி.எஸ். மூலம் தண்டவாளத்திலிருந்து சற்று விலகியிருந்தால்தான் வேலை செய்யும்படி அமைத்தார்கள். வெகுதூரத்திலிருந்தும் எடுக்க முடியாது. டிக்கெட் அந்தக் கைப்பேசியோடு கட்டப்பட்டது, இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. பின்னாளில் தூர வரம்பைத் தளர்த்தினார்கள். நிலையத்திலேயே ஒட்டிய கியூ.ஆர். குறியைக் காட்டி எடுக்கவும் வழி செய்தார்கள். 2025 ஜூலை 1 அன்று ரயில்வே ‘ரயில்ஒன்’ என்ற புதுச் செயலியை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கலாம். கைப்பேசி கையில் இருக்கும் இளைஞருக்கு வரிசை என்பதே இல்லை. அலுவலகம் போகிறவர்களின் காலை நேரத்தில் அது மிச்சப்படுத்தும் நிமிஷங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கூடவே காகிதம் வேறு பல இடங்களிலிருந்து ஓசையில்லாமல் கழன்றது. எக்ஸ்பிரஸ் ரயில் பெட்டிகளில் ஒட்டும் பெயர்ப்பட்டியலை முதலில் சென்னை சென்ட்ரல் போன்ற சில பெரிய நிலையங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். 2018 மார்ச் முதல் மற்ற முக்கிய நிலையங்களிலும் நிறுத்தினார்கள். ராயபுரத்தில் இருந்த ரயில்வேயின் சொந்த அச்சகம் உட்பட மீதமிருந்த ஐந்து அச்சகங்களையும் மூடுவதென்று ரயில்வே வாரியம் 2023இல் முடிவெடுத்தது. எங்கள் கைக்கு வந்த படிவங்களிலும் பதிவேடுகளிலும் ராயபுரத்து அச்சு எத்தனை முறை பட்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன்.

ரயில் பெட்டிக்குள் நடந்தது இன்னும் பெரிய மாற்றம், அதற்கு எந்த உத்தரவும் வரவில்லை. மாலை ரயிலில் ‘மாலை முரசும்’ ‘மாலை மலரும்’ ஒருவர் வாங்கினால் நான்கு பேர் வாசிப்பார்கள். நடுப்பக்கம் ஒருவரிடம், விளையாட்டுப் பக்கம் எதிர் இருக்கையில், கிண்டி வரும்போது கைமாறும். அந்தக் காட்சி இன்று இல்லை. டிக்கெட்டை ஒழிக்க அமைச்சர் வர வேண்டியிருந்தது. பத்திரிகை யாரும் சொல்லாமலே பெட்டியை விட்டு இறங்கிவிட்டது. படிக்கும் காகிதம் போய்விட்டது, எண் போட்ட காகிதம் நிற்கிறது. இது தலைகீழாக நடக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்திருப்பேன்.

இனி அந்த வரிசை. தாம்பரத்தில் இன்றும் தாள் டிக்கெட் வாங்குகிறவர்கள் எல்லாரும் கைப்பேசி இல்லாதவர்கள் என்று நினைப்பது தவறு. இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற நாட்களில் நான் பார்த்தவரை பலரிடம் கைப்பேசி இருந்தது. சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்திலிருந்து கீரைக்கட்டோடு வந்து இறங்கி மாம்பலம் போகும் அம்மா ஒருவரிடம் பட்டன் போன் இருந்தது. “கண்ணு, ஒரு மாம்பலம் குடு” என்று ஐந்து ரூபாய்க் காசை நீட்டுவார். தெற்கேயிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கி, எழும்பூர் மருத்துவமனைக்குப் போக வேண்டிய குடும்பத்தில் ஒரே ஒரு போன், அதில் சார்ஜ் இல்லை. போன் அணைந்துபோனால் டிக்கெட் இல்லாத பயணிதான், அபராதம்தான். கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பிள்ளைகளிடம் நல்ல ஸ்மார்ட்போன் இருக்கும். ஆனால் ஆறு பேருக்கு ஒருவர் சேர்த்து எடுப்பார், ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பார். பாதி வழியில் இருவர் பிரிந்து போக வேண்டியிருக்கும். தாளைக் கையில் கொடுத்துவிடலாம், போனைக் கொடுத்தனுப்ப முடியாது. அப்பாவுக்குத் தெரியாமல் தோழியோடு தி.நகர் போகும் பெண்ணும் வருவாள். அவள் ஏன் வருகிறாள் என்று நான் கேட்டதில்லை.

இவர்களில் பலர் இப்போது கவுன்டரில் பணத்தைக் கைப்பேசியில் கட்டுகிறார்கள். ஜன்னலில் கியூ.ஆர். திரை வைத்திருக்கிறார்கள். ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி நடந்த சண்டைகள் எத்தனை! என் உத்தியோக காலத்தின் பெரும் தலைவலியே சில்லறைதான், அது தீர்ந்துவிட்டது. அதாவது காசுத் தாளை விட்டுவிட்டவர்களும் டிக்கெட் தாளைக் கேட்டு வாங்குகிறார்கள். பிடிவாதத்தால் கேட்கவில்லை. கையில் கொடுக்கலாம், பகிரலாம், கீழே வைக்கலாம், பேட்டரி வேண்டாம்.

செயலி தொடங்கும்போதே பெயரைக் கேட்கிறது, கைப்பேசி எண் இல்லாமல் அடுத்த திரைக்குப் போகாது. ஐந்து ரூபாய்ப் பயணத்துக்கு. நான் எந்த நேரத்தில் எந்த நிலையத்திலிருந்து எங்கே போனேன் என்று ஒரு வரி எங்கோ எழுதப்படுகிறது. அதை யாரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 1830களில் கிளார்க் பயணியின் பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், எட்மண்ட்சன் அதைத் தேவையில்லாததாக்கினார், ஏறக்குறைய நூற்றெண்பது வருஷம் கழித்து எங்கள் தாம்பரம் தடத்தில் பெயர் திரும்ப வந்தது என்பதைச் சொல்கிறேன். வேகத்தையும் வசதியையும் பற்றிப் பேசும்போது இந்த ஒரு விஷயம் பேச்சில் வருவதே இல்லை. கைப்பேசி டிக்கெட் இருக்கட்டும், பெருகட்டும். பெயர் சொல்லாமல் காசு கொடுத்து டிக்கெட் வாங்க ஒரு ஜன்னலாவது ஒவ்வொரு நிலையத்திலும், முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை திறந்திருக்க வேண்டும். கவுன்டர்களைக் குறைப்பதைப் பற்றி முடிவெடுப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

இது ரயிலோடு நிற்கும் விஷயமும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காசு வாங்காத பயணத்துக்கு டிக்கெட் எதற்கு என்று தோன்றும். ஆனால் கண்டக்டர் கொடுக்கிறார், பூஜ்யம் ரூபாய் டிக்கெட். எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்று எண்ண வேண்டும், அந்தக் கணக்கு அரசுக்கு வேண்டும். எட்மண்ட்சன் அட்டையின் பழைய வேலை அப்படியே இதில் இருக்கிறது: எண் உண்டு, பெயர் இல்லை. தில்லியில் பெண்களுக்கு இதே போல் கொடுத்துவந்த இளஞ்சிவப்புச் சீட்டுக்குப் பதிலாக, பெயரும் படமும் பதிந்த ஸ்மார்ட் கார்டு வரும் என்று 2025இல் அறிவித்தார்கள். அங்கே குடியிருக்கும் பெண்களுக்குத்தான் அது.

தாம்பரத்தில் பஸ் ஏறினால் இன்றைக்கு கண்டக்டர் கேட்பது ஒரே கேள்விதான். எங்கே இறங்க வேண்டும் என்று சொன்னால் கையிலுள்ள கருவியிலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். வீட்டு வேலைக்குப் போகிறவள், கல்லூரி மாணவி, ஊருக்குப் புதிதாக வந்தவள், என்னைப் போல ஓய்வுபெற்றவள் எல்லாருக்கும் அதே தாள்.